கைக்குப் பழகிய திரை



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆறே நாளில் தீபாவளி. பட்டாசு வேலை ஓய்ந்ததும் சிவகாசியில் காலண்டர் வேலை உச்சத்துக்குப் போகும். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டுப் பிடித்த ஆர்டர்களையெல்லாம் டிசம்பருக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். நம் பள்ளியில் படித்த ஒருவர் அங்கே சின்ன அச்சகம் நடத்துகிறார். அந்த நெருக்கடியில்தான் அவர் கணினிகளில் விண்டோஸ் 11 ஏற்றினார்.

அவரிடம் டிசைன் வேலை பார்க்கும் அண்ணாச்சிக்கு வயது 58. அச்சுக் கோர்க்கும் வேலையில் தொடங்கி, கோரல் டிரா வரை தானாகவே கற்றுக்கொண்டவர். நான் போயிருந்தபோது, "வயசாயிருச்சு சார், கையே ஓட மாட்டேங்குது. பொங்கலோட நின்னுக்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

வயது காரணமில்லை. அச்சுக் கோர்ப்பவர் எழுத்துப் பெட்டியைப் பார்ப்பதில்லை. கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாக 'க' இருக்கும் அறைக்குப் போகும். ஒரே இரவில் யாராவது அறைகளை மாற்றி வைத்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் தடுமாறுவார். இங்கே ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. ரைட் கிளிக் பட்டியல் சுருங்கிவிட்டது. திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர்கள் மறைந்து, வெறும் படங்கள்தான் தெரிந்தன. ஒரே நேரத்தில் ஏழெட்டு காலண்டர் ஃபைல் திறந்து வைப்பவர் என்ன செய்வார்?

பழைய தோற்றத்தைக் கொண்டுவர அரை மணி நேரம் போதுமாக இருந்தது. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போங்கள். டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' ஆக்குங்கள். அங்கேயே பொத்தான்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு 'நெவர்' கொடுத்தால் ஃபைல் பெயர்கள் திரும்பி வரும்.

அடுத்து கலர்ஸ். 'கஸ்டம்' எடுத்து, விண்டோஸுக்கு 'டார்க்', ஆப்களுக்கு 'லைட்' வையுங்கள். பழைய கறுப்புப் பட்டையும் வெள்ளை ஜன்னலும் வந்துவிடும். டைட்டில் பாருக்கும் ஓரங்களுக்கும் நிறம் காட்டும் வசதியையும் போட்டுவிட்டால், ஒரு ஜன்னல் எங்கே முடிகிறது என்று வயதான கண்ணுக்கும் தெரியும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய நீளப் பட்டியல் கிடைக்கும்.

இதற்காக யாரோ தரும் தீம் மென்பொருளை இறக்க வேண்டாம். தோற்றம் பிடிக்கவில்லை என்று விண்டோஸ் 10-க்கே திரும்பிப் போவதும் நல்லதல்ல. பாதுகாப்பு புதிதாக இருக்கட்டும், முகம் மட்டும் பழையதாக இருக்கட்டும்.

அண்ணாச்சி அன்று சாயங்காலமே தினசரி காலண்டர் அட்டை இரண்டை முடித்துவிட்டார். பொங்கல் முடிந்தும் வேலையில்தான் இருக்கிறார்.

சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது அப்பா, அம்மா, சித்தப்பாவின் கணினியைப் புதுப்பித்துக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு கிளம்பிவிடாமல் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எது எங்கே இருந்தால் வசதி என்று கேட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். தங்களால் இனி முடியாது என்று அவர்கள் முடிவு கட்டுவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.