பொறுத்திருந்தவர்கள்

சிறு முதலீட்டாளர் தம் பங்குகளின் விலையைக்குறித்து உரையாடுவதை யான் முதலில் வேடிக்கையாகவே படித்தேன். தொல்காப்பியம் படிப்பவனுக்கு இதில் என்ன வேலையென்று நண்பர் நகைத்தனர். ஆயினும், அவ்வுரையாடல்களில் ‘விசுவாசம்’ என்னும் பொருளுடைய சொல் அடிக்கடி வந்தமையால் விட மனமில்லை.

அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் 1998இல் தோன்றிய ரேக்ஸ்பேஸ் கம்பெனி, பிறருடைய தகவல்களைத் தன் கணினிகளில் வைத்துக் காத்து வாடகை பெறுவது. இத்தொழிலுக்கு ‘மேகம்’ என்று பெயர். இயந்திரங்கள் இருப்பதோ தரையில்தான்! 2008இல் 12.50 டாலருக்கு வெளியான அதன் பங்கு, 2013இன் தொடக்கத்தில் 70 டாலருக்கு மேல் இருந்தது. பின்னர் அமேசான் முதலிய பெருங் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வர, விலை சரிந்தது. “விற்றாலன்றோ நட்டம்? பொறுத்திருப்போம்” என்பதே உச்சத்தில் வாங்கியோர் எங்கும் தமக்குள் கூறிக்கொள்ளும் ஆறுதல்.

2016இல் அபோலோ என்னும் முதலீட்டு நிறுவனம் பங்கொன்றுக்கு 32 டாலர் வீதம் கம்பெனி முழுவதையும் வாங்கிற்று. பெரும்பான்மையோர் இசைந்தபின், இசையாத சிறு பங்குதாரனும் விலக வேண்டியவனே. அவனிடம் பொறுமை இருந்தது. பொறுத்திருக்கப் பங்குதான் இல்லை. பொறுமையைப்பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இத்தகைய முடிவை ஒன்றிலும் கேட்டதில்லை.

2020இல் அக்கம்பெனி, பங்கு 21 டாலராக, மீண்டும் சந்தைக்கு வந்தது. முதல் நாளே விலை இறங்கிற்று. அன்று வாங்கியோர் பேசிக்கொண்டதைப் படிக்க எனக்கு மனம் துணியவில்லை.