பிள்ளைக்கும் சர்க்கரை வரும்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரையைப் பற்றிப் பேசாமல் கலைவதில்லை. யாருக்கு எவ்வளவு, எந்த மாத்திரை, காலையில் எத்தனை சுற்று நடை என்று பேச்சு ஓடும். பல காலம் இந்த நோயோடு பழகியதில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் நமக்கு வந்துவிட்டது. வயதான பிறகு வருவது, மெல்ல வருவது, வாயைக் கட்டினால் அடங்குவது என்று சொல்லிக்கொள்கிறோம். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் இந்த மூன்றுமே தவறு. இதை என் வயதுக்காரர்களிடமும், பிள்ளை வளர்க்கும் இளம் பெற்றோரிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகைச் சர்க்கரை நோய். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை. தாய் கொடுத்த சாப்பாட்டாலும் வருவதில்லை. ஒல்லிக் குழந்தைக்கும் வரும், ஒரு வயதுக் குழந்தைக்கும் வரும், பரம்பரையில் யாருக்குமே சர்க்கரை இல்லாத வீட்டிலும் வரும். நமக்கு வந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஒளிந்திருக்கும். குழந்தைக்கு வருவதோ சில வாரங்களில், கைக்குழந்தை என்றால் சில நாட்களிலேயே, உயிருக்கு ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்த வீடு பட்டினி கிடக்கும். இன்சுலின் இல்லாத உடம்பும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழியும், ஆனால் செல்களுக்குள் போகாது. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். போன தண்ணீருக்கு ஈடாகத் தாகம் எடுக்கும். உள்ளே பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கும். பிள்ளை இளைத்துச் சோர்ந்துவிடும்.

இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாகத்தான் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறானா, வெயில் காலம். அடிக்கடி போகிறானா, அவ்வளவு குடித்தால் போகத்தான் செய்வான். படுக்கையில் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி பாயை நனைக்கிறதா, பள்ளிக்கூடத்தில் யாரோ மிரட்டியிருப்பார்கள். இளைத்துவிட்டானா, உயரம் போடுகிறான். சுருண்டு படுக்கிறானா, ஆட்டம் அதிகம். ஒவ்வொரு சமாதானமும் தனியாகக் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பிள்ளையிடம், ஒரே மாதத்தில், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் சமாதானங்களை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். இப்படிச் சேர்த்துப் பார்க்கும் வேலை பெரியவர்களுடையது. அம்மா வேலைக்குப் போய்விட்டிருக்கலாம். ராத்திரி எத்தனை முறை எழுந்தான், சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தானா என்பதெல்லாம் பக்கத்தில் படுத்திருக்கும் பாட்டிக்குத்தான் தெரியும்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இன்னும் கூர்மையாகக் கவனிக்க வேண்டும். டயபர் வழக்கத்தைவிடக் கனத்து, அடிக்கடி மாற்ற வேண்டி வரும். பால் குடித்தும் எடை ஏறாது. தாகத்தில் சிணுங்கிக்கொண்டே இருக்கும். அடியில் பூஞ்சைப் புண் வந்து, மருந்து போட்டும் ஆறாமல் இழுக்கும். சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால் நம் ஊர்ப் பாட்டிமார்கள் சர்க்கரையைச் சந்தேகித்தார்கள். அது சரியான சந்தேகம்தான். ஆனால் எறும்பு வரவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கவனிக்காமல் விட்டால் அடுத்த கட்டம் வேகமாக வரும். கொழுப்பு எரிவதில் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். பிள்ளை வாந்தி எடுக்கும், வயிறு வலிக்கிறது என்று அழும். அமிலத்தை வெளியேற்ற உடம்பு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கும். மூச்சில் பழுத்த பழத்தின் வாடை அடிக்கும். கண் செருகி மயக்கம் வரும். பார்ப்பவர்களுக்கு இது வயிற்றுக் கோளாறாகத் தெரியும். மூச்சு வாங்குவது வீசிங் போல இருக்கும். சில வீடுகளில் பயந்திருக்கிறான் என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வாந்தி பேதியில் நீர்வற்றிப்போன குழந்தைக்குச் சிறுநீர் குறையும். வாந்தி எடுத்துத் துவண்டு, நாக்கு வறண்டு கிடக்கும் பிள்ளை, அப்படியும் நிறைய சிறுநீர் கழித்தால் உடனே சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் வீட்டு வைத்தியம் எதுவும் உதவாது. 108-ஐ அழைத்து, குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

துவண்ட பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பதும், குளிர்பானம் வாங்கித் தருவதும், இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வதும் நம் ஊர் வழக்கம். இந்த நோயில் அது எரிகிற இடத்தில் இன்னும் சர்க்கரையைக் கொட்டுவதாக முடியும். எனவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும், “முதலில் சுகர் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்” என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள். தாகம், சிறுநீர், இளைப்பு என்று நீங்கள் கண்டதையெல்லாம் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். வாந்தி என்று மட்டும் சொன்னால் வாந்திக்குத்தான் மருந்து கிடைக்கும்.

பரிசோதனைக்குத் தேவை விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். முடிவு சில விநாடிகளில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த வசதி உண்டு. வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அடையாளங்களோடு எந்த நேரத்தில் பார்த்தும் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோய்தான். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாத்தாவின் மீட்டர் பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. பிள்ளையின் கையைக் கழுவித் துடைத்து, புது ஊசியால் குத்திப் பாருங்கள். பழம் தின்ற விரல் பொய்க் கணக்குக் காட்டும். மீட்டரில் சர்க்கரை இயல்பாகத் தெரிந்தாலும் பிள்ளை துவண்டிருந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நோய்க்கு மருந்து இன்சுலின் ஒன்றுதான்.

அடையாளம் தெரிந்திருந்தால் எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பதற்கு இத்தாலியின் பார்மா பகுதி சாட்சி. 1991-இல் அங்கே பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் எளிய சுவரொட்டிகளைக் கொண்டுசேர்த்தார்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால் கவனியுங்கள் என்பது அதில் முக்கியமான செய்தி. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில், புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட குழந்தைகளில் 78 சதவீதம் பேர் ரத்தம் அமிலமான பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். 1997 வரையிலான அடுத்த காலத்தில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் அங்கே வந்துவிடவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள்.

சர்க்கரை என்று தெரிந்ததும் வீடே இடிந்துபோகும், அதுவும் பெண் குழந்தை என்றால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று மறைக்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு டெட்டி ரைடர் என்ற அமெரிக்கச் சிறுவனைப் பற்றிச் சொல்வேன். 1922-இல் டொராண்டோவுக்குக் கொண்டுபோனபோது அவனுக்கு ஐந்து வயது. எடை சுமார் 12 கிலோ. இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்து மாதங்களே ஆகியிருந்தன. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேண்டிங்கே அவனுக்குச் சிகிச்சை அளித்தார். அந்தச் சிறுவன் 70 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்ந்து, 1993-இல்தான் இறந்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்ததைவிடச் சிறந்த மருந்தும் கருவியும் இன்று இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளி, விளையாட்டு, வேலை, கல்யாணம் எதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு விலக்கில்லை. வேருக்கும் கஷாயத்துக்கும் ஆசைப்பட்டு ஊசியை நிறுத்துவதுதான் உயிரைக் குடிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது. பிள்ளை ஏன் இப்படி இருக்கிறது என்று மருமகளோ மகளோ கலங்கி நிற்கும்போது, நாம் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் அடங்கிவிடுவாள். அந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் போய்விடும். சின்னக் குழந்தைக்கு இரண்டு நாள் மிகப் பெரியது. அதே மதிப்பை வைத்து, “எழுந்து வா, இப்போதே சுகர் பார்த்துவிடுவோம்” என்று சொல்லுங்கள். சர்க்கரை இல்லை என்று வந்தால் ஒரு சொட்டு ரத்தத்தோடு கவலை தீரும். இருக்கிறது என்று வந்தால், சரியான நேரத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருப்பீர்கள்.