மனேச்சர் ஐயாவின் நாற்காலி

போன கிழமை என் பெறாமகள் ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுடைய மகன் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் கவர்னர் இடம் ஒன்று வெறுமையாக இருக்கிறதாம். விருப்பமுள்ளவர்கள் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை நிரப்பித் தரலாம் என்று பள்ளியிலிருந்து எழுதியிருந்தார்கள்.

"நீங்கள்தானே பெரியம்மா இத்தனை வருசம் இதைச் செய்தனீங்கள். எனக்கு இது சரிவருமோ?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன் அவளே காரணங்களை அடுக்கினாள். தான் ஆசிரியை இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடவே நேரம் காணாது. கூட்டம் பின்னேரம் ஆறு மணிக்கு, அந்நேரம் பிள்ளையை யார் பார்ப்பது? "அதோட, அந்த ஆக்கள் இங்கிலிசில கதைக்கிற வேகத்துக்கு நான் என்னத்தைச் சொல்லப் போறன்?"

இலண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கவர்னராக இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்தவள் நான். அன்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியது பாதியில் நின்றுபோனது. அவளைப் போலப் பள்ளி வாசலில் நிற்கும் மற்றத் தாய்மாருக்கும் சேர்த்து மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கவர்னர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு மாளிகையும் கொடி கட்டிய காரும்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் பள்ளிக் கவர்னருக்கு ஒரு சதமும் சம்பளம் கிடையாது. உள்ளூராட்சியின் கீழ் இயங்கும் ஒரு பள்ளியில் குறைந்தது ஏழு பேர் கொண்ட கவர்னர் சபை இருக்க வேண்டும். பெற்றோர் தெரிவு செய்த இருவராவது, தலைமையாசிரியர், ஊழியர்களில் ஒருவர், உள்ளூராட்சி முன்மொழிந்த ஒருவர், பிறகு சபையே பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் சிலர். வழக்கமாக நான்கு வருடப் பதவி. வருடத்தில் மூன்று தடவையாவது கூட வேண்டும். பள்ளி எந்தத் திசையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பொறுப்புக் கேட்பது, காசு ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது, இவைதான் வேலை. அக்கடமிப் பள்ளிகளில் பெரும்பாலான அதிகாரம் அவற்றை நடத்தும் அறக்கட்டளையிடம் இருப்பதால் அங்கே ஏற்பாடு கொஞ்சம் வேறு. இங்கிலாந்து முழுவதும் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் இப்படி வேலை முடிந்து வந்த களைப்போடு, பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஒருவர் இருந்தார். மனேச்சர் ஐயா. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. மாதத்தில் ஒருநாள் வருவார். அவருக்கென்றே கைபிடி வைத்த நாற்காலி ஒன்று தலைமை வாத்தியாரின் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும், வேறு யாரும் அதில் இருக்கமாட்டார்கள். வந்தவுடன் வரவு இடாப்பை வாங்கிப் புரட்டுவார். "இந்தப் பிள்ளை ஏன் மூன்று நாளாக வரேல்லை?" என்று கேட்பார். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற நின்றவன் என்று தெரிந்தால், பின்னேரம் அந்த வீட்டுப் படலையில் போய் நிற்பார். அம்மம்மா அடுப்படியில் வைத்திருந்த பிடியரிசிப் பானையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் விழும். 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதைப் பார்த்து ஊர் ஊராக எழுந்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. 1960இல் இலங்கை அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்கச் சட்டம் செய்தபோது எனக்கு ஏழு வயது. கொஞ்சக் காலத்தில் மனேச்சர் ஐயா வருவது நின்றுபோனது. நாற்காலி மட்டும் கனகாலம் அங்கேயே கிடந்தது.

அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் நியாயமாக நடந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சில பிள்ளைகளை வாங்கில் இருக்கவிடாமல் தரையில் இருத்திய பள்ளிகளும் மனேச்சர்மாரின் கீழ்தான் நடந்தன. ஒருவர் கையில் முழு அதிகாரமும், அவரைக் கேட்க ஆளும் இல்லை என்றால் அதுவும் நடக்கும். பல பேர் சுற்றியிருந்து, பேசியதை எழுதிவைத்து, அந்த எழுத்தை யாரும் வாங்கிப் பார்க்கலாம் என்ற முறையின் அருமை எனக்கு அந்த நினைவோடுதான் விளங்கியது.

இங்கே கவர்னர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் அறிந்த செய்தி என்னைத் தூக்கிப்போட்டது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இங்கிலாந்திலும் ஆரம்பப் பள்ளிகளுக்கு இருந்தவர்களின் பெயர் மனேஜர்தான். கவர்னர் என்ற பெயர் உயர்நிலைப் பள்ளிகளுக்கே உரியதாக இருந்தது. எங்கள் மனேச்சர் ஐயாவின் பட்டமும் கப்பலேறி வந்ததுதான். எழுபதுகளின் நடுவில் இலண்டன் இஸ்லிங்டனில் வில்லியம் டின்டேல் என்ற ஆரம்பப் பள்ளி குழம்பியது. ஆசிரியர்களுக்குள் பிளவு, மனேஜர்களோடு சண்டை. பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். றொபின் ஓல்ட் என்ற சட்டத்தரணி நடத்திய விசாரணையின் அறிக்கை 1976இல் வந்தது. ஒரு பள்ளி பிழையாகப் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதுவரை யாரிடமும் நேரான பதில் இருக்கவில்லை. அடுத்த வருடம் டெய்லர் குழு, பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஊராருக்கும் உள்ளூராட்சிக்கும் சபையில் சரிசமமான இடம் வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரின் இடங்களைக் கூட்டியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியின் காசைப் பள்ளியின் கையிலேயே கொடுத்தது. அந்த 1986இல்தான் நான் கைக்குழந்தையோடு ஹீத்ரோவில் வந்து இறங்கினேன். ஊரில் பத்து வருடம் படிப்பித்தவள், இங்கே வேறொரு பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிச் சில வருடங்களில் அவளுடைய பள்ளியிலிருந்து, இப்போது பெறாமகளுக்கு வந்ததைப் போலவே ஒரு கடிதம் வந்தது.

பிள்ளை, முதல் வருடம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. இங்கிலிஷ் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நான் வளர்ந்த விதம். தலைமையாசிரியர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதா? அது மரியாதையில்லை என்று என் எலும்புக்குள் இருந்தது. கூட்டக் குறிப்புகள் தபாலில் வரும். வந்திருந்தோர் பட்டியலில் என் பெயர் இருக்கும், அதற்குக் கீழே எந்தப் பக்கத்திலும் இருக்காது. குறிப்பு எழுதும் கிளார்க் அம்மா ஒருநாள் மேலங்கி போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உங்களுக்குக் கேள்வி இருக்கிறது, முகத்தில் தெரிகிறது. முகத்தைப் பார்த்து எழுத எனக்கு வழியில்லை." அன்றிரவு பேருந்தில் வரும்போது வெட்கமாக இருந்தது. என் மரியாதையால் அங்கே இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

வாய் திறந்த பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தேன். வகுப்புப் பார்க்கப் போன ஒருநாள், இளம் ஆசிரியை ஒருவர் பெருக்கல் படிப்பித்துக்கொண்டிருந்தார். 24ஐ 20 என்றும் 4 என்றும் பிரித்து, கட்டம் போட்டு, துண்டு துண்டாகப் பெருக்கிக் கூட்டும் முறை. வாய்ப்பாடு பாடமாக்கி வளர்ந்த எனக்கு அது வீண் சுற்றாகத் தெரிந்தது. எழுந்துபோய்ப் பலகையில் எங்கள் முறையை எழுதிக் காட்டிவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று முழித்தார்கள். அந்த ஆசிரியையின் முகம் சிவந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சபைத் தலைவர் என்னை அழைத்து, நாங்கள் போவது பார்க்க, படிப்பிக்க அல்ல என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்தநாள் அந்த ஆசிரியையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்கவேண்டிய இடமான கூட்டத்தில் கேட்டேன்: இந்த முறை பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறதென்று நாங்கள் எதை வைத்து அறிவது? நல்ல பதில் கிடைத்தது. பெருக்கலின்போது இலக்கங்களுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டத்தான் கட்டம். அது எனக்கே அன்றுதான் விளங்கியது.

வருடங்கள் போக, எந்த அறிக்கையிலும் மொத்தக் கணக்கைக் கண்டால் நின்று பார்க்கப் பழகினேன். ஒருமுறை பிள்ளைகளின் வரவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. எனக்கு மனேச்சர் ஐயா இடாப்பைப் புரட்டிய சத்தம் கேட்டது. மிச்ச ஐந்து எப்படி வந்தது? எல்லாப் பிள்ளைகளும் இடையிடையே ஒருநாள் நின்றதாலா, சில பிள்ளைகள் கனநாள் நின்றதாலா? தலைமையாசிரியரிடம் அன்று பதில் இல்லை, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சில குடும்பங்கள். அவற்றில் பாதி, வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்பட்டு, நகரசபை தூரத்தில் கொடுத்த தற்காலிக அறையில் கிடந்தவை. இரண்டு பேருந்து மாறி வரவேண்டும், பிந்திப் போய் ஏச்சு வாங்குவதைவிட வீட்டில் நிற்கலாம் என்று தாய்மார் விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டு வகுப்பில் இலவசமாக இடம் கொடுத்தோம், பிந்தி வந்தாலும் முகம் கோணாமல் வரவேற்கச் சொன்னோம். சிலர் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். இருவர் கடைசிவரை பிந்தியே வந்தார்கள். ஆனால் வந்தார்கள்.

அதற்கான காசு வந்த வழியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் தாய்மாரும் சம்பந்தப்பட்டிருந்தார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கென்று 2011இலிருந்து அரசாங்கம் பள்ளிகளுக்குத் தனிப்பணம் கொடுக்கிறது, பியூப்பில் பிரீமியம் என்று பெயர். இலவச மதியச் சாப்பாட்டுக்குப் பதிந்த பிள்ளைகளை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கு. 2014 செப்டெம்பரிலிருந்து முதல் மூன்று வகுப்புகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசமானது. நல்ல காரியம். ஆனால் சாப்பாடு சும்மா கிடைக்கும்போது படிவம் எதற்கு என்று தாய்மார் நிரப்பாமல் விட்டார்கள். எங்கள் ஆட்களில் பலர் அதற்கு முன்பும் வெட்கத்தில் நிரப்பவில்லை. நிரப்பாத ஒவ்வொரு படிவத்துக்கும் அந்த வருடம் பள்ளிக்கு 1,300 பவுண் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தாய்மாரின் பக்கத்தில் இருந்து, இது பிச்சை இல்லை, உன் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்க ஓர் ஆளை வைக்கும் காசு என்று விளங்கப்படுத்தினேன். என் கைப்பையில் படிவங்களும் பேனையும் எப்போதும் இருந்தன. பிடியரிசிப் பானையை அம்மம்மா அடுப்படியில் வைத்த மாதிரித்தான்.

எல்லா மாலையும் அப்படி முடியாது. இலண்டனில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். வீட்டு வாடகை குடும்பங்களைத் துரத்துகிறது. ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் எண்ணும் தலைகளுக்குத்தான் அடுத்த வருடக் காசு. முப்பது பேர் இருக்கவேண்டிய வகுப்பில் இருபத்திரண்டு பேர் என்றாலும் ஆசிரியருக்கு அதே சம்பளம், வகுப்பறைக்கு அதே சூடாக்கி. ஒருநாள் இரவு, உதவி ஆசிரியர் வேலைகள் மூன்றைக் குறைப்பதென்று முடிவெடுத்தோம். வேறு எதை வெட்டலாம் என்று இரண்டு மணிநேரம் கணக்குப் பார்த்த பிறகுதான் கை தூக்கினேன். அந்த மூவரில் ஒருவர் என் மகளுக்குச் சப்பாத்து நூல் கட்டிவிட்டவர். அறிவித்தல் வெளிவரும்வரை ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லக்கூடாது. தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கும்போதே, "அக்கா, பள்ளிக்கூடத்தில ஏதோ நடக்குதாமே?" என்று கேட்டார்கள். வீட்டிலும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்தப் பாரத்தைச் சுமந்த இரண்டு கிழமைகளும் நான் படித்த இங்கிலிஷைவிடக் கடினமாக இருந்தன.

எங்கள் சமூகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மழையில் நின்று கதவு திறக்கிறோம். டியூசனுக்குக் கடன்பட்டுக் கொடுக்கிறோம். கோயில் நிருவாக சபைக்குப் போட்டி போட்டு நிற்கிறோம். பிள்ளை கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணிநேரத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் எங்களுக்கென்று கிடக்கும் நாற்காலியை மட்டும் ஏன் வெறுமையாக விடுகிறோம்?

ஆசிரியை இல்லையே என்றாய். சபையில் ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீ சம்பளப் பட்டியல் பார்க்கும் வேலை செய்கிறவள். வரவு செலவுத் தாளில் ஒரு வரி மற்ற வரியோடு பொருந்தாவிட்டால் உன் கண் தானாகவே அதில் போய் நிற்கும். அது அங்கே பெரிய உதவி. உன் மகனுடைய வாசிப்புப் புத்தகத்தைப் பற்றி மட்டும் அந்த மேசையில் பேசாதே. அதை மற்றத் தாய்மாரைப் போல வாசலில் நின்று ரீச்சரிடம் கேள். கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னரே தாள்கள் வரும். அவற்றைப் பென்சிலோடு வாசி. விளங்காத சுருக்கப்பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேள். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் அது விளங்கியிருக்காது என்பதை இத்தனை வருடத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். இங்கிலிஷ் மெதுவாக வந்தால் மெதுவாகவே வரட்டும், கிளார்க்குக்கு எழுத வசதி.

படிவத்தில் உன்னைப் பற்றிச் சில வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை பின்னேரம் வா, இருந்து எழுதுவோம். கூட்ட நாட்களில் மகனை ஐந்தரைக்கே என்னிடம் கொண்டுவந்து விடு. புட்டு அவித்துக் கொடுத்துப் படுக்கவைக்கிறேன். நீ எட்டு மணிக்கு மேல் வந்தாலும் பரவாயில்லை, திறப்பு உன்னிடம் இருக்கிறதுதானே.