லே நகரின் தண்ணீர்க் கணக்கு

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர். சுற்றிலும் பனிமுடி தரித்த மலைகள். ஆயினும் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லி மீட்டர் அளவில்தான். இது குளிர்பாலை. 17 ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜாமிஆ மஸ்ஜித் கடைவீதியின் முகப்பில் நிற்கிறது. யார்கந்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வணிகக் கூட்டங்கள் வந்து தங்கிய வீதி அது. கோடையில் ஊர் பெருப்பது புதிதன்று. ஆனால் அக்காலத்துப் பயணி அறைதோறும் குழாய் கேட்கவில்லை.

இவ்வூருக்கு இன்னும் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வினா எளியது, விடைதான் எளிதன்று.

2011 கணக்கெடுப்பின்படி நகர மக்கள் 30,870 பேர். மத்திய அரசின் 1999 ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு 70 லிட்டரும், உள்ள ஊரில் 135 லிட்டரும் என வகுத்தது. முன்னதன்படி சுமார் 21.6 லட்சம் லிட்டர், பின்னதன்படி 41.7 லட்சம். ஓர் ஆள் கூடாமலே தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடுகிறது! வழியில் கசிந்து வீணாவதற்கென 15 விழுக்காடு ஒதுக்கினால் 49 லட்சமாகும்.

ஆகவே லேயின் கணக்கு மக்கள்தொகையில் தொடங்குவதில்லை, கழிப்பறையில் தொடங்குகிறது. லடாக்கியரின் பழைய வீடுகளில் இருப்பது உலர் கழிப்பறை. மண்ணும் சாம்பலும் இட்டு மூடுவர். பின்னர் அது வயலுக்கு எருவாகும். ஒரு சொட்டு நீர் வேண்டாம். விடுதிகள் பெருகியபோது தண்ணீர் ஊற்றும் கழிப்பறைகளும் வந்தன. இதனைப் பின்தங்கிய வழக்கமென்று நகைப்போர் உண்டு. அந்நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்தது விருந்தினர் கணக்கு. 1974 இல் லடாக் வெளியாருக்குத் திறக்கப்பட்டபோது வந்தவர் சில நூறு பேரே. 2022 இல் வந்தவர் 5 லட்சத்தைத் தாண்டினர். பெரும்பாலோர் வருவது நான்கு கோடை மாதங்களில். பாதிப் பேர் நகரில் நான்கு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம் (இது என் ஊகம்). இரவொன்றுக்கு ஏறத்தாழ 8,300 பேர். விடுதிப் படுக்கைக்கு 180 லிட்டர் என்பது கையேட்டு அளவு. ஆக, நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர். ஆண்டுச் சராசரி கண்டு குழாய் பதிப்பவர் இங்கே ஏமாந்துபோவார். கட்டடப் பணிக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளரும் அதே மாதங்களில்தான் வருகின்றனர்.

குளிர்காலத்தில் தலைகீழ் நிலை. வெப்பம் சுழிக்குக் கீழ் 20 பாகை வரை இறங்கும். பழைய குழாய்கள் உறைந்துவிடும். அடிகுழாயும் லாரித் தண்ணீருமே கதி. உறைமட்டத்துக்குக் கீழே ஆழமாகப் புதைத்தால்தான் குழாய் பிழைக்கும். செலவும் அதற்கேற்ப உயரும். பஜ்ருக்கு ஒளுச் செய்ய நீரைச் சுடவைப்பதற்கும் விறகோ எரிவாயுவோ வேண்டும் என்பதை நம் இல்லத்தரசியர் எண்ணிப் பார்க்கலாம்.

நீர் வரும் வழிதான் யாது? ஊருக்கு மேலுள்ள பனி உருகி வரும் ஓடை, ஊற்றுகள், சிந்து நதிக்கரைக் கிணறுகளிலிருந்து மேட்டுக்கு ஏற்றும் நீர். முன்பு ஓடை நீரை முறைவைத்துப் பங்கிட 'சுர்போன்' என்னும் நீர்க்காவலரை ஊராரே நியமித்தனர். வயலுக்கான அந்த முறை நிலத்தடி நீருக்கு இல்லை. விடுதிதோறும் ஆழ்துளைக் கிணறு, அருகிலேயே உறிஞ்சுகுழி. ஒன்று நீரை வற்றச் செய்கிறது. மற்றது எஞ்சியதைக் கெடுக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்கால நீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனிப்பாறைகள் அமைத்தார். 2015 இல் பத்மஸ்ரீ பெற்றார். அவை விதைப்புக் காலத்தில் உருகிக் கிராம வயல்களுக்கு உதவுகின்றன. நகரத்தின் குளியலறைகளுக்கு அவற்றைக் காட்டிச் சமாதானம் சொல்ல இயலாது. நகராட்சி முதலில் எண்ண வேண்டியவை ஊரிலுள்ள ஆழ்துளைக் கிணறுகளும் விடுதிப் படுக்கைகளும்தாம். மக்கள்தொகை அதன் பிறகு.