சூட்டைச் சொல்லும் சாட்சி

குழந்தைக்கு உடம்பு சுடுகிறதென்றால், தாய் வெப்பமானியை மட்டும் நம்பி அமைந்துவிடுவதில்லை. நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்க்கிறாள். கருவி ஒன்று சொல்ல, கை வேறொன்று சொன்னால், கருவியை மறுபடியும் வைத்துச் சோதிக்கிறாள். மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைக்கும் எங்களுக்கு இந்த விவேகம் அன்றாடம் வேண்டியிருக்கிறது.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். சாலையோரத்தில் சிறு பட்டறை வைத்திருக்கிறோம். ஊரார் பொக்லைன் என்றழைக்கும் இயந்திரங்களே எங்களிடம் மிகுதியாக வருகின்றன. பிரெஞ்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர், எவர் செய்த இயந்திரத்துக்கும் பொதுப்பெயராக இங்கே நிலைத்துவிட்டது. இவற்றுள் பல கடனில் வாங்கப்பட்டவை. இயந்திரம் ஒருநாள் நின்றால் முதலாளி வீட்டில் தவணைக் கவலை. ஓட்டுநர் வீட்டில் உலைக் கவலை. ஆகையால், எஞ்சின் சூடேறிவிட்டது என்று முள் காட்டும்போது, அது மெய்யா பொய்யா என்று அறிவது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று.

சூட்டை அளக்கும் சென்சார், எஞ்சினின் தலைப்பக்கத்தில், கூலன்ட் ஓடும் வழியில் திருகப்பட்டிருக்கும். அதனுள்ளே இருக்கும் சிறு பொருளுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. சூடு ஏற ஏற, மின்சாரத்தை அது தடுக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். இக்குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் ஆண்டிலேயே வெள்ளி சல்ஃபைடில் கண்டார். இன்று பரவலாக உள்ள ஒருவகைச் சென்சார், 20 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 2,500 ஓம் தடை காட்டும்; 100 டிகிரியில் அது 190 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். தடை குறைந்தால் சூடு மிகுதி என்பதே கருவி அறிந்த பாடம். இதிலேயே ஒரு சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஒயரின் மேலுறை தேய்ந்து செம்பு இரும்பில் பட்டுவிட்டால், தடை அறவே அற்றுப் போகும். கருவியோ, எஞ்சின் கொதிக்கிறதென்று அறிவித்துவிடும்!

இவ்வாறுதான் ஒரு நாள் பழைய இயந்திரம் ஒன்று எங்களிடம் வந்தது. முள் அடிக்கடி சிவப்புக்குப் போகிறது என்றார் முதலாளி. ஓட்டுநர் தண்ணீர் பாராமல் ஓட்டி எஞ்சினைக் கெடுத்துவிட்டார் என்பது அவருடைய தீர்ப்பு. அந்த வார ஊதியத்தையும் நிறுத்தி வைத்திருந்தார். எஞ்சின் தலையைக் கழற்றிக் கேஸ்கட்டை மாற்றும்படி எங்களைப் பணித்தார். ஓட்டுநரோ, "விடியற்காலையில் தண்ணீர் பார்க்காமல் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எதையும் கழற்றுமுன் எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனித்தோம். அது மெல்ல ஏறவில்லை, ஒரே தாவலில் சிவப்புக்குப் போயிற்று, மறுகணமே திரும்பிற்று. பல லிட்டர் கூலன்ட் ஓரிரு நொடிகளில் முப்பது டிகிரி ஏறி இறங்குவது இயற்கையில் நடவாத காரியம். மெய்யான சூடு படிப்படியாக ஏறும்; பொய்ச் சூடுதான் தாவும். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டினோம். 86 டிகிரி என்றது. வண்ணம் பூசிய பரப்பாகப் பார்த்தே காட்டினோம். பளபளக்கும் உலோகத்தில் இக்கருவி உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும். பின்னர்ச் சென்சாரிலிருந்து ஒயரைப் பிரித்தோம். முள் குளிர்ந்த பக்கத்துக்கு விழுந்திருக்க வேண்டும். அதுவோ சிவப்பிலேயே நின்றது. எனவே பழுது சென்சாரிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை. ஒயரின் வழியே விரலை ஓட்டிச் சென்றோம். ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உறை தேய்ந்து செம்பு மின்னியது. அதற்கு உறையிட்டு, உராயாதவாறு கட்டிவைத்ததோடு வேலை முடிந்தது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. நிறுத்தி வைத்த ஊதியத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.

புதிய இயந்திரங்களில் கணினி வந்துவிட்டது. அது சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்பி, திரும்பும் அளவைக் கொண்டு சூட்டைக் கணிக்கிறது. பழுது நேர்ந்தால், ஜே 1939 எனும் பொதுமுறைப்படி எண்களால் பேசுகிறது. எஸ்.பி.என். 110 என்பது கூலன்ட் சூட்டைக் குறிக்கும். உடன் வரும் எஃப்.எம்.ஐ. எண்ணை அலட்சியம் செய்யலாகாது. அது 0 ஆனால், சென்சாரின் பேச்சு கணினிக்கு நம்பத்தக்கதாகவே இருக்கிறது. சூடு எல்லை கடந்துவிட்டதாகக் கொண்டு உடனே எஞ்சினைக் கவனிக்க வேண்டும். 3 ஆனால் வோல்ட் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது. ஒயர் அறுந்தோ இணைப்பு கழன்றோ இருக்கலாம். 4 ஆனால் அளவுக்குக் கீழே விழுந்திருக்கிறது. ஒயர் எங்கோ இரும்பில் படுகிறது என்று ஐயுறலாம். முன்னது நோயைச் சொல்வது. பின்னிரண்டும் சாட்சியின் நாவே பழுதுபட்டதைச் சொல்பவை. 110 என்று கண்டவுடன் புதுச் சென்சார் வாங்க ஓடுவோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

சாட்சி பொய் சொல்லும் என்று அறிந்தபின், அதை வாயடைக்கத் துணிவோரும் உண்டு. வேலை கெடுகிறதென்று ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறார்கள். இது பெருங்கேடு. அதன்பின் எஞ்சின் மெய்யாகவே கொதித்தாலும் சொல்ல ஆளில்லை. வேறோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கூலன்ட் ஒழுகிக் குறைந்து, சென்சாரின் முனை காற்றில் நின்றுவிட்டால், அது காற்றின் சூட்டைச் சொல்லுமேயன்றி இரும்பின் சூட்டைச் சொல்லாது. முள் அமைதியாக நிற்கும். உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ஆகவே முள் குறைவாகக் காட்டும் நாளிலும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாக வேண்டும். அதையும் எஞ்சின் நன்றாக ஆறியபின்னரே பார்க்க வேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

இயந்திரம் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு எளிய சோதனை ஒன்று சொல்வோம். இரவெல்லாம் நின்ற இயந்திரத்தில், காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவற்றின் சூட்டைத் திரையில் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும் வெகுவாக விலகி நின்றால், அந்தச் சென்சாரையோ அதன் ஒயரையோ ஐயுறலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வண்டி ஓட்டுபவரையே நாள்தோறும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். பின்னொரு நாள் முள் சிவப்பில் ஏறி, பழி யார் மேலென்ற பேச்சு எழும்போது, அந்தக் குறிப்பேட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்.