மேட்டூரில் எத்தனை அடி?

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கோபமா என்று கேட்காதே. கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியதைப் பற்றி உன்னிடம் பட்டும் படாமலும்தான் சொன்னேன். பால்காரர் மணிச் சத்தம் கேட்டு எழுந்து போனால், அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். விரலில் குத்திப் பார்த்தேன், 54. எழுபதுக்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து 82. அதற்குப் பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

ஏன் இறங்கியது தெரியுமா? ராத்திரி ஊசியை வழக்கமான அளவில்தான் போட்டேன். தோசைத் தட்டை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனவர், பாதியை நாய்க்குப் போட்டிருக்கிறார். மருந்து உள்ளே போய்விட்டது, அது வேலை செய்யச் சாப்பாடு இல்லை. கேட்டதற்குச் சிரிக்கிறார்: "காலைல தம்பி போன் பண்ணுவான்ல, நம்பர் நல்லா இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

தினமும் உன் முதல் கேள்வி "சுகர் எவ்வளவுப்பா?" என்பதுதான். 180 என்று சொல்லிவிட்டால், அரிசியில் ஆரம்பித்து வாழைப்பழம் வரைக்கும் உன் பிரசங்கம். அக்கறை இல்லாமல் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ரேங்க் கார்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பையன் மாதிரி ஆகிவிட்டார் மனுஷன். ஒருநாள் எண்ணில் ஒன்றும் இல்லையடா. மூன்று மாதச் சராசரி 7.6. இந்த வயதுக்கு அதுவே போதும், இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஏறுவதை விட இறங்குவதுதான் அவரைக் கவலைப்பட வைக்கிறது.

அப்பாவிடம் கேட்க வேண்டிய எண் வேறு இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு எவ்வளவோ காலமாகியும் பேப்பர் வந்ததும் முதலில் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் தேடுகிறார். நூற்றிருபது அடியில் இன்றைக்கு எத்தனை, நீர்வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை, எல்லாம் விரல் நுனியில். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024இல் ஜூலை 28 வரை காக்க வைத்தார்கள், ஜூன் 12 என்று நம்பி நாற்றங்கால் விட்டவன் கதி என்ன என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், நம் கடைமடைக்கு வருவதற்குள்தான் கண் பூத்துவிடும் என்பார். குத்தகைக்காரர் இன்னமும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நேரடி விதைப்பா, நடவா என்று முடிவு செய்கிறார்.

இன்னொன்று. நடங்கள் நடங்கள் என்று நாம் எல்லோரும் சொல்லியும் வாசற்படி தாண்டாதவர், பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு மதகு வரை போய்விட்டு வந்தார். மறுநாளும் போனார். தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அதனால் இனிமேல் சுகர் எண்ணை வாட்ஸ்அப்பில் என்னிடம் கேள், அனுப்பிவிடுகிறேன். அவரிடம் மேட்டூரைக் கேள். உனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, "அப்புறம்?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிரு.

ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன் என்றாயே, லீவைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வா. நீ இருக்கும்வரை ஊசி உன் பொறுப்பு. மருந்து ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இருக்கும், ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோகாதே, உறைந்தால் வீண். வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரே இடத்தில் குத்தினால் தடித்துப்போகும். போட்ட பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார். நாயைக் கட்டிப் போட்டுவிடு.

நான் அந்த நாட்களில் வேதாரண்யத்தில் சித்தி வீட்டில் இருப்பேன். தூங்கத்தான் போகிறேன், அங்கே போன் பண்ணாதே.

அன்புடன்,
அக்கா