பசி எடுக்கும், தூக்கம் வரும்

பெங்களூரில் ஒரு ஹெப்பாள் உண்டு. மைசூரிலும் ஒன்று உண்டு. மைசூர் ஹெப்பாள், தொழிற்பேட்டையும் கம்பெனிகளுமாக வளர்ந்த பகுதி. இன்ஃபோசிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் இங்கேதான் இருக்கிறது. அதன் இரண்டாவது கல்வி மையத்தை 2009இல் சோனியா காந்தி திறந்துவைத்தார். விருதுநகரிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கும் பட்டதாரிகள் பலருக்கு கம்ப்யூட்டர் மொழியில் பயமில்லை. பயமெல்லாம் இங்கிலீஷில்தான். அதுவும் இலக்கணத்தில் அல்ல. எல்லாம் சரியாக இருந்தும், ‘இப்படி யாரும் சொல்வதில்லையே’ என்று எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்தும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சிக்கல் எங்கே? தமிழையே எடுத்துக்கொள்ளலாம். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, வெயில் அடிக்கிறது. துணியைத் துவைக்கிறோம், பல்லைத் துலக்குகிறோம், முகத்தைக் கழுவுகிறோம். தூக்கம் ஏன் ‘எடுப்பதில்லை’, முகத்தை ஏன் ‘துவைப்பதில்லை’ என்பதற்குச் சூத்திரம் கிடையாது. சொற்கள் ஒன்றோடொன்று பழகிய பழக்கம், அவ்வளவுதான். இங்கிலீஷிலும் அதே கதை. டீ ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. மாற்றிப் போட்டால் அர்த்தம் புரியும், காது ஒப்பாது.

இதை உணர்ந்து அகராதி செய்தவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆசிரியராக இருந்த இந்த ஆங்கிலேயர் சகாக்களோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. பிற்பாடு ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற மாணவர் அகராதியாயிற்று. சொல்லுக்கு அர்த்தம் சொன்னதோடு நிற்காமல், அது வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்பதையும் அது சொல்லிக்கொடுத்தது. கற்பவருக்கு இன்றும் இதுதான் வழி: சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அதன் கூட்டாளியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது.

தாய்மொழியும் தன் பங்குக்குக் காலை வாரும். ‘போகிறேன்’ என்ற ஒரே சொல் தினமும் போவதையும் குறிக்கும், இந்த நிமிடம் போவதையும் குறிக்கும். இங்கிலீஷில் இரண்டுக்கும் வேறு வேறு உருவம். அந்தக் குழப்பத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ பிறக்கிறது. ‘இன்று காலை’ அப்படியே ‘டுடே மார்னிங்’ ஆகிறது. இவற்றைத் திருத்திக்கொள்வது நல்லதே.

ஆனால் இந்திய வாசனை அடிப்பதெல்லாம் தப்பு என்று ஒதுக்குவது அறியாமை. ‘டூ த நீட்ஃபுல்’ பிரிட்டிஷ் வியாபாரக் கடிதங்களில் புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே பிழைத்துக்கொண்டது. ‘போஸ்ட்போன்’ இருக்கிறதே என்று இந்தியர்கள் பழக்கத்தில் கொண்டுவந்த ‘பிரீபோன்’ இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

இதே மைசூரில் யாதவகிரியில் வாழ்ந்தவர் ஆர்.கே. நாராயண். 1906இல் சென்னையில் பிறந்த தமிழர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தோற்ற பாடம் இங்கிலீஷ்! அவருடைய முதல் நாவல் 1935இல் லண்டனில் வெளிவர உதவியவர் கிரஹாம் கிரீன். நாராயணின் இங்கிலீஷை அவர் ஆங்காங்கே செப்பனிட்டதும் உண்டு. ஆனாலும் மால்குடிவாசிகள் லண்டன்காரர்களாக மாறவில்லை. நாராயணின் வீடு 2016இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

தேவராஜ மார்க்கெட்டில் ஒரு தமிழ் இளைஞர் தப்பும் தவறுமாகக் கன்னடம் பேசினால், பூக்காரம்மா சிரித்துக்கொண்டே திருத்திவிட்டுப் பூவை அளப்பார். அதே இளைஞர் அலுவலகக் கூட்டத்தில் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைப் புரட்டிவிட்டால், அவரது அறிவுக்கே மார்க் குறைகிறது. இத்தனைக்கும் குறைப்பவருக்கும் அது பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். இயல்பான இங்கிலீஷ் அகராதியிலும் காதிலும் கிடைக்கும். அதைத் துணிந்து பேசிப் பழகுவதற்கு, அந்தப் பூக்காரம்மா போல நாலு பேர் வேண்டும்.